நிறம் போகும்முன் படம் எடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அரங்கைத் தந்து உதவிய அருங்காட்சியகக் காப்பாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முக்குளிப்பு அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசியவர்கள் பவளப்பாறையின் பெருமையை அருமையாக எடுத்துரைத்தார்கள். அங்கே வாழும் 2 சென்டிமீட்டர் உயிர் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: ஸ்குவாட் லாப்ஸ்டர் வகையைச் சேர்ந்த அல்லோகலாத்தியா எலிகன்ஸ். அடையாளம், உறைவிடம், உணவு, மூன்றையும் சொல்கிறேன்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்கள். ஸ்குவாட் லாப்ஸ்டர் என்று அழைப்பதால் இது சிங்கி இறால் ஆகிவிடாது. துறவி நண்டுக்கும் பீங்கான் நண்டுக்கும்தான் பங்காளி. கால்களை எண்ணுங்கள். இடுக்கிக் கால் ஒரு ஜோடி, நடக்கும் கால் மூன்று ஜோடி. ஐந்தாவது ஜோடி மெலிந்து, ஓட்டின் பின்னோரத்துக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். செவுள் துடைக்க அது. ஒடிந்துவிட்டது என்று குறிப்பெழுதிவிடாதீர்கள்.

அடுத்து, கண்களுக்கு நடுவே நீளும் கொம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். ஸ்குவாட் லாப்ஸ்டரில் வேறு பேரினங்களும் உண்டு. முனிடாவில் மூன்று ஊசிகள், நடு ஊசி நீளம். கலாத்தியாவில் முக்கோணம், ஓரத்துக்கு நான்கு பல் என்பது வழக்கம். நம்முடையதில் இலைபோல் தட்டையாக நீண்டு, இரு ஓரமும் ரம்பமாக இருக்கும்.

நிறத்தை நம்பியவர்கள் கதையைக் கேளுங்கள். 1848-இல் இயற்கை ஆய்வாளர்கள் ஆடம்ஸும் வைட்டும் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று ஊதா, ஒன்று கறுப்பு, முதுகில் வெளிர்கோடுகள். இது ஒட்டி வாழும் இறகு நட்சத்திரத்தின், அதாவது நட்சத்திரமீனின் உறவான கடலுயிரின், நிறத்தோடு ஒத்துப்போகும் என்று பின்வந்தோர் எல்லாவற்றையும் ஒரே இனத்தில் சேர்த்தார்கள். 1969-இல் பாபா என்ற ஆய்வாளர் இதைத் தனிப் பேரினம் ஆக்கினார். உள்ளே இனம் ஒன்றுதான். 2011-இல் கபேசாஸ் குழுவினர் மரபணுவைப் படித்தார்கள். ஒன்று நான்காயிற்று! பிறகு உற்றுப் பார்த்தால் உடலிலும் நுண்ணிய வேறுபாடுகள் இருந்தன. 163 ஆண்டுகள், அன்பர்களே!

ஏன் தெரியவில்லை? எத்தனாலில் போட்டால் நிறம் போய்விடும். அருங்காட்சியக ஜாடிக்குள் எல்லாமே வெளுப்பு. ஆனால் வெளுத்ததெல்லாம் ஒரே பாலல்ல! உறைவிடமும் உணவும் இன்னொரு மேடைக்கு நிற்கட்டும். இதைச் சொல்லியே ஆகவேண்டும். உயிரோடிருக்கும்போதே அளவுகோல் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். அப்படியே எத்தனாலில் இட்டால் காலை உதிர்த்துவிடும். முதலில் பனிக்கட்டி சூழ்ந்த கடல்நீரில் குளிரவிடுங்கள். ஒரு புட்டிக்கு ஓர் உயிர்தான். இரண்டைப் போட்டால் உதிர்ந்த இடுக்கி யாருடையது என்று தெரியாது. ஃபார்மலின் மரபணுவைக் கெடுக்கும், 95 சதவீத எத்தனாலே நல்லது. ஒட்டியிருந்த இறகு நட்சத்திரத்தையும் தனிப்புட்டியில் சேருங்கள்.

காப்பாளர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்: உயிர்நிறப் படமும், இடம், ஆழம், நாள் எல்லாம் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே இட்ட சீட்டும் இல்லாத உயிர்மாதிரி எதையும் பதிவேட்டில் ஏற்காதீர்கள்.