சிவ் 6: ரீஸ்டார்ட் அடிப்பதற்கு முன்னால்

[திரையில்: முதல் டர்ன். ஒரு செட்லர் (நகரம் அமைப்பவர்), ஒரு வாரியர் (போர்வீரர்).]

சரி, சிவ் 6, அதாவது நகரங்கள் அமைத்து நாட்டை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 கணினி ஆட்டம், லோட் ஆகிவிட்டது, சுற்றிலும் ஒரு மலைகூட இல்லை, உடனே வேறு மேப் கேட்டு கை ரீஸ்டார்ட் பக்கம் போகிறது, இல்லையா? பொறுங்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஆறோ ஏரியோ ஒட்டியிருந்தால் நகரத்துக்கு 5 ஹவுசிங் (எத்தனை மக்கள் தங்கலாம் என்ற அளவு), கடலோரம் மட்டும் என்றால் 3, இரண்டும் இல்லை என்றால் வெறும் 2. மக்கள் தொகை அந்த எண்ணை நெருங்கும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும்.

[திரையில்: செட்லரைப் பக்கத்து டைலுக்கு (மேப்பின் ஒரு கட்டத்துக்கு) நகர்த்தல்.]

இதோ, செட்லர் நிற்பது புல்வெளி, பக்கத்திலேயே ப்ளெயின்ஸ் ஹில் (சமவெளிக் குன்று). நின்ற இடத்திலேயே நகரம் வைத்தால் நடு டைலில் 2 உணவு, 1 புரொடக்‌ஷன். ஹில்லில் ஏறி வைத்தால் 2, 2. ஒரு டர்ன் போகும், போகட்டும், அந்தக் கூடுதல் 1 கடைசிவரை வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆற்றை விட்டு விலக வேண்டியிருந்தால் நகராதீர்கள்.

அப்புறம், ரஷ்யாவை எடுத்துவிட்டு "பனியில் கொண்டுபோய் விட்டுவிட்டான்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டுமென்றே செய்வது! ரஷ்யாவுக்குத் துந்திரா டைலில் கூடுதலாக 1 ஃபெய்த் (மதப் புள்ளி), 1 புரொடக்‌ஷன் கிடைக்கும்.

[திரையில்: ஆட்டத்துக்கு முன் எதிராளிகளைத் தேர்ந்தெடுக்கும் அட்வான்ஸ்டு செட்டப்.]

என்னைக் கேட்டால், நிலத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் முக்கியம். அதைப் போய் ரேண்டமில் விட்டுவிடுகிறோம். ஒருமுறை அருமையான இடம் கிடைத்தது, சுற்றிலும் லக்சுரி (ஆடம்பர வளங்கள்), ஆனால் பக்கத்தில் ஆஸ்டெக் தலைவர் மான்டெசுமா. அவரிடம் இல்லாத லக்சுரி நம்மிடம் இருந்தாலே அவருக்கு ஆகாது. அவருடைய ஈகிள் வாரியரின் பலம் 28, நம் வாரியருக்கு 20. அந்த ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அதனால் எதிராளியின் அஜெண்டாவை, அதாவது அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சண்டையே போடாமல் அறிவியல் பக்கம் போகப் போகிறீர்களா, காந்தியைச் சேருங்கள், போர் தொடுக்காதவர்களை அவருக்குப் பிடிக்கும். சந்திரகுப்தர் வேண்டாம், பக்கத்தில் இருப்பதே அவருக்குக் குற்றம். ஸ்டாண்டர்டு மேப்பில் மொத்தம் 8 பேர் வருவார்கள், இரண்டு பேரைக் குறைத்துவிட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். மிகக் கடினமான டெய்டி நிலையில் ஒவ்வொரு ஏஐயும் (கணினி ஆடும் எதிராளி) 3 செட்லரோடு தொடங்குவதால் அங்கே இப்படி எதிராளிகளைத் தேர்ந்தெடுப்பதும் குறைப்பதும் ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

[திரையில்: ஸ்டார்ட் பட்டன்.]

இப்போது அழுத்துங்கள்.