காபிக்குள் முட்டையா? ஹனோயில் ஒரு சாப்பாட்டு நடை

[காட்சி: சின்னக் கோப்பை. மேலே மஞ்சள் நுரை. கரண்டி மெல்ல உள்ளே இறங்குகிறது.]

இது பாயசம் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. காபி! மேலே நிற்பது முட்டையின் மஞ்சள் கரு. முகத்தைச் சுளிக்காதீர்கள். வீடியோ முடிவதற்குள் உங்களுக்கும் ஒரு கோப்பை கேட்கும். கேட்காவிட்டால் கமெண்டில் வந்து தாராளமாகத் திட்டுங்கள்.

ஊர் ஹனோய், வியட்நாமின் தலைநகர். ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே பழைய நகரம். தெருப் பெயர்கள் பலவும் 'ஹாங்' என்று தொடங்கும். விற்பனைச் சரக்கு என்று அர்த்தம். ஹாங் பாக் என்றால் வெள்ளிக்காரர் தெரு. வரலாறு போதும், பசிக்கிறது.

இங்கே சாப்பாட்டு நடைக்கு எதற்கு வழிகாட்டி? தெருக்கடைகள் பலவற்றில் ஒரே ஒரு பண்டம்தான். ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்பவர் காலையிலிருந்து ஃபோ மட்டுமே விற்பார். நான்கு வகை ருசிக்க வேண்டுமென்றால் நான்கு கடை ஏறி இறங்க வேண்டும், எந்தச் சந்தில் எது என்று தெரிந்தவர் கூட வர வேண்டும். எல்லா இடத்திலும் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் ஸ்டூல். உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் உடற்பயிற்சி.

மதியத்துக்கு பூன் சா: கரியில் சுட்ட பன்றி இறைச்சி, அரிசிச் சேமியா, ஒரு தட்டு பச்சைத் தழை. 2016 மே மாதம் ஒபாமாவும் சமையல் நிபுணர் ஆண்டனி போர்டெய்னும் லே வான் ஹூ தெருவில் ஒரு கடையில் இதைச் சாப்பிட்டார்கள். அந்த மேசையை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நல்ல மேசை, பாவம், வேலையில்லாமல் நிற்கிறது.

சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் இருப்பதுபோல் தெரியும் தட்டிலும் 'நுவோக் மாம்' என்ற மீன் சாறு ஒளிந்திருக்கும். 'சய்' என்று கேளுங்கள். சய் என்றால் சைவம்! இரண்டு சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை, ஆனால் ஞாபகம் வைக்க இதைவிட வசதி உண்டா? அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அங்கே பலர் சய்தான் சாப்பிடுவார்கள்.

சரி, காபிக்கு வருவோம். நுயென் ஹூ ஹுவான் தெருவில் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. உள்ளே கஃபே ஜாங். 1946-இல் மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங், பால் தட்டுப்பாடு வந்தபோது பாலுக்குப் பதிலாக மஞ்சள் கருவை அடித்துக் காபியில் ஊற்றிப் பார்த்தார். பால் தாராளமாகக் கிடைத்திருந்தால் இந்த வீடியோவே இல்லை. அவர் குடும்பம்தான் இன்றும் கடையை நடத்துகிறது.

முட்டை வாடை வராதா? எனக்கும் அதே பயம்தான். கருவோடு கண்டென்ஸ்ட் மில்க் சேர்த்து, நுரை தடித்து நிற்கும்வரை அடிக்கிறார்கள். கீழே இருப்பது ரோபஸ்டா வகைக் காபி, நாக்கைக் கிள்ளும் கசப்பு. அந்தக் கசப்புக்கு முன்னால் முட்டை வாயைத் திறப்பதில்லை. ஆறினால் மட்டும் வாடை எட்டிப் பார்க்கும். அதனால்தான் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்துக்குள் உட்கார வைத்துத் தருகிறார்கள். இந்த ஒரு யோசனைக்கே அந்த மனிதருக்குக் கும்பிடு போடலாம்.

கலக்கலாமா, கூடாதா? என் கட்சி, கூடாது. முதலில் நுரை, அப்புறம் கசப்பு. கலக்குகிற கட்சிக்காரர்கள் கீழே வாருங்கள், சண்டை போடுவோம். பச்சை முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும்.

இன்னொரு கோப்பை வேண்டுமா? 'எக்ஸ்கியூஸ் மீ' எல்லாம் வேண்டாம். அங்கேயும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பரிமாறுபவர் நம்மைவிட மூத்த ஆண் என்றால் 'ஆன் ஓய்', அண்ணா என்பதுபோல. அக்கா என்றால் 'சீ ஓய்'. நம் ஊரில் 'ஓய்' என்றால் திரும்பி முறைப்பார்கள். அங்கே அதுதான் மரியாதை. நான் தயங்கித் தயங்கி 'சீ ஓய்' என்றேன். அந்த அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டிக் கேட்டார். இரண்டும் எனக்குத்தான்.