ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் அவர்களே, மாலை சூட்டி வரவேற்ற வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் பொறுமையோடு வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, வணக்கம். மின்விசிறியை மேடைப் பக்கம் திருப்பிவிட்ட தம்பிக்குத் தனி நன்றி.

இங்கிலாந்தின் டெவன்ஷர் கோமகன்கள் கேவண்டிஷ் குடும்பத்தார். அந்த வீட்டுப் பெண்கள் மூவரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

முதலாமவர் பெஸ். அவருடைய இரண்டாம் கணவர் வில்லியம் கேவண்டிஷ் அரச கஜானா பார்த்தவர். 1549இல் இருவரும் சாட்ஸ்வொர்த் என்ற பண்ணை நிலத்தை 600 பவுனுக்கு வாங்கினார்கள். 1557இல் கணவர் இறந்தபோது கஜானாக் கணக்கில் 5,000 பவுனுக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. அந்தக் கடன் பெஸ் தலையில். ஆனாலும் நிலம் கைவிட்டுப் போகவில்லை. ஏன்? பத்திரத்தில் அவர் பெயரும் இருந்தது. தாய்மார்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கணவரும் 1590இல் போனார். அந்த ஆண்டே ஹார்ட்விக்கில் புதுமாளிகை எழும்பத் தொடங்கியது, 1597இல் குடிபுகுந்தார். மூன்று மாடி, மேலே போகப் போகச் சன்னல் உயரம் கூடும். கண்ணாடி யானை விலை விற்ற காலம். அவருக்கோ சொந்தக் கண்ணாடிப் பட்டறையே இருந்தது! கணக்கப்பிள்ளை எழுதிவந்த பேரேட்டைத் தானே சரிபார்த்துக் கையெழுத்திடுவார். கோபுர உச்சியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் கல்லிலேயே நிற்கின்றன.

அடுத்தவர் ஜார்ஜியானா, ஐந்தாம் கோமகனின் மனைவி. 1784, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதித் தேர்தல். ஃபாக்ஸ் என்ற வேட்பாளருக்காகக் கோமகளே வீதியில் இறங்கிக் கடை கடையாக ஏறுகிறார். வாக்குப்பதிவு ஒருநாள் கூத்தல்ல, நாற்பது நாள்! கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்று எதிர்க்கட்சி கேலிச்சித்திரம் போட்டது. (சிரிக்கிறீர்கள். நம் ஊர்ச் சுவரொட்டி மட்டும் என்னவாம்?) வாக்குரிமை இல்லாத பெண் வாக்குக் கேட்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்தான். ஃபாக்ஸ் 236 வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். அங்கே இரண்டு பேருக்கு இடம்.

அதே கோமகள் சீட்டாட்டத்தில் கோட்டை விட்டார். கணவர் கேட்கும்போதெல்லாம் கடனைக் குறைத்தே சொன்னார். மறைத்த பாக்கிக்கு வட்டி ஏற, அதை அடைக்கப் புதுக்கடன். வங்கிக்காரர் தாமஸ் கூட்ஸிடமும் கை நீட்டினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்றாமவர் டெபோரா, பதினோராம் கோமகனின் மனைவி. 1950இல் மாமனார் இறந்தபோது அவர் விட்டுப்போன சொத்துக்கு 80 விழுக்காடு மரண வரி. ஹார்ட்விக் மாளிகையே வரிக்குப் போயிற்று. 1977இல் டெபோரா பண்ணைக்கடை திறந்தார். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

வாசலில் நோட்டு அடுக்கியிருக்கிறது, வீட்டுக்கு ஒன்று. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கைமாற்றும் சீட்டுப் பணமும் தனிப் பக்கத்தில். பக்கத்தடியில் உங்கள் கையெழுத்து. வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டாம்.