சின்ன ஊரு பெரிய மைதானம் கட்டினா காசு வருமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கிற கேள்வி சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற ஒரு நேயர் அனுப்பினது. கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "சின்னச் சின்ன நகரங்கள் மைதானம், நீச்சல் குளம், பூங்கான்னு பணத்தைப் போட்டு ஊரோட பொருளாதாரத்தையே தூக்கி நிறுத்துதுன்னு படிச்சேன். தெம்பனிஸ்ல 500 மில்லியன் வெள்ளிக்குக் கட்டினாங்களே, போட்ட காசு திரும்பி வந்துச்சா? சொந்த ஊர்ல எங்க நகராட்சியும் ஒரு விளையாட்டு வளாகம் கட்டப் போறதா பேச்சு. லாபமா வருமா, கடன்ல போய் முடியுமா?"

நல்ல கேள்விங்க. தெம்பனிஸ்லேர்ந்தே ஆரம்பிப்போம், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

அங்க கட்டின 'அவர் தெம்பனிஸ் ஹப்' (Our Tampines Hub) 2017ல திறந்தது. 5,000 பேர் உட்கார்ற அரங்கம், ஆறு நீச்சல் குளம், நூலகம், உணவங்காடி, அரசாங்கச் சேவை முகப்பு, எல்லாம் ஒரே வளாகத்துல. அதைச் சம்பாதிக்கிறதுக்காகக் கட்டல. நம்ம பொதுக் குளங்கள்ல பெரியவங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒண்ணு ரெண்டு வெள்ளிதான். அது குடியிருப்பாளர்களுக்குச் செய்ற சேவை, வரிப்பணத்துல ஓடுது. அங்க கத்துக்க வேண்டிய விஷயம் வேற ஒண்ணு. பாட்டி நூலகத்துக்குப் போறாங்க, பேரன் நீந்துறான், அப்பா காப்பி குடிக்கிறாரு. ஒரே கார்நிறுத்தம், ஒரே துப்புரவுக் குத்தகை, ஒரே பாதுகாவல். செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூட இடம் காலியா கிடக்காது. நடத்துற செலவு ஒவ்வொரு வசதிக்கும் பகிர்ந்து போயிடுது.

ஆனா பொருளாதாரம்னு பார்த்தா, தெம்பனிஸ்காரர் அந்த உணவங்காடியில அஞ்சு வெள்ளிக்குச் சாப்பிட்டா, அன்னிக்கு வேற கடையில சாப்பிடல, அவ்வளவுதான். சட்டையோட இந்தப் பையில இருந்த காசு அந்தப் பைக்கு மாறுது. ஊருக்குப் புதுசா ஒரு காசு வரல. ஒரு அரங்கத்தால இத்தனை கோடி வருமானம்னு அறிக்கை விடுறாங்க பாருங்க, அதுல பாதி இந்தப் பை மாத்தற கணக்குதான். அறிக்கையைக் கையில எடுத்தா முதல்ல தேட வேண்டியது ஒரு எண்: வெளியூர்லேர்ந்து வந்து, ராத்திரி தங்கினவங்க எத்தனை பேர்?

அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல வெஸ்ட்ஃபீல்டுன்னு ஒரு ஊரு இருக்கு. 2010ல ஜனத்தொகை சுமார் 30,000. அதாவது நம்ம ஒரு பேட்டையில பாதிகூட வராது. அங்க 2014ல கிராண்ட் பார்க்னு ஒரு வளாகம் திறந்தாங்க. சுமார் 400 ஏக்கர், பேஸ்பால், சாஃப்ட்பால் ஆட 26 திடல், கால்பந்து மாதிரி ஆட்டங்களுக்கு 31 திடல். பெரிய அரங்கம் கட்டி ஒரு பிரபலக் குழுவைக் கூப்பிடலாம்னு அவங்க போகல. பிள்ளைங்களோட போட்டிகளைக் குறி வெச்சாங்க. 12 வயசுப் பையன் தனியா வரமாட்டான். அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் வருவாங்க. ரெண்டு நாள் தங்கி, ஆறு வேளை சாப்பிட்டுத்தான் போவாங்க.

யோசனை கெட்டி. ஆனா சிக்கல் வரியில இருக்கு. இந்தியானாவுல பொது விற்பனை வரி மாநிலத்துக்குப் போகுது, நகராட்சிக்குன்னு தனியா ஒண்ணு கிடையாது. கூட்டம் வந்து செலவு பண்ணினா, அந்த வரி நேரா ஊர்க் கஜானாவுக்கு வராது. பெரும்பாலும் புதுசா கட்டடங்கள் எழுந்து, சொத்து வரி ஏறினாத்தான் ஊருக்கு. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும்.

இதோட ஓக்லஹோமா சிட்டியை ஒப்பிட்டுப் பாருங்க. சின்ன ஊரு இல்லதான், ஆனா பாடம் ஒண்ணுதான். 1993ல மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தி, ஒரு டாலருக்கு ஒரு காசு கூடுதல் விற்பனை வரி போட்டாங்க. அஞ்சரை வருஷத்துல 300 மில்லியன் டாலருக்கு மேல சேர்ந்தது. அந்தக் காசுலதான் கால்வாய், பேஸ்பால் திடல், உள்ளரங்கம் எல்லாம் எழும்புச்சு. வசூல் பண்ணிட்டுக் கட்டினதால வட்டிக் கடன் இல்ல. அங்க விற்பனை வரியில ஒரு பங்கு நகராட்சிக்கே வருது, அதனால கடைவீதியில கூட்டம் கூடினா கஜானாவும் நிறையும். 2019ல மக்கள் ஏத்துக்கிட்ட நாலாவது சுற்றுல பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கியிருக்காங்க. பட்டுத் தெளிஞ்சது அது.

தெளியாம போன ஊரும் இருக்கு. மிஷிகன்ல போன்டியாக். 1975ல சுமார் 56 மில்லியன் டாலர் செலவுல 80,000 பேர் உட்கார்ற சில்வர்டோம் கட்டினாங்க. அங்க ஆடிக்கிட்டிருந்த டெட்ராய்ட் லயன்ஸ்ங்கிற அமெரிக்கக் கால்பந்துக் குழு 2002ல அவங்க சொந்த நகரத்துல கட்டின புது அரங்கத்துக்குக் கிளம்பிடுச்சு. 2009ல அந்த அரங்கம் ஏலம் போன விலை 583,000 டாலர். மில்லியன்கூட இல்லங்க. ஒரே குத்தகைக்காரரை நம்பிக் கட்டினா, அவர் சாவியைக் கொடுத்துட்டுப் போற நாள்தான் உண்மையான கணக்கு தெரியும்.

நம்ம காலாங்கையும் சொல்லிடணும். அங்க இருக்கிற விளையாட்டு நடுவம் (Sports Hub) 2014ல தனியார் கூட்டு முறையில திறந்தது. 25 வருஷ ஒப்பந்தம், அரசாங்கம் வருஷத்துக்கு 193.7 மில்லியன் வெள்ளி கொடுக்கணும். 2022 டிசம்பர்ல அரசாங்கமே எடுத்துக்கிச்சு. தொடக்கத்துல புல்லே பெரிய தலைவலி. மேற்கூரை இருக்கிற அரங்கத்துல வெயில் சரியா விழாது, புல் பிடிக்கல. 2014 அக்டோபர்ல பிரேசிலும் ஜப்பானும் ஆடினப்போ திடல்ல மணல்தான் பளிச்சுன்னு தெரிஞ்சது. அப்புறம் விளக்கு வெச்சுப் புல் வளர்த்தாங்க, 2015ல புல் வகையையே மாத்தினாங்க. எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே தரைன்னு வரைபடத்துல போட்டுடலாம், புல்லுக்கு அது தெரியாது. அரசாங்கத்துக்குக் கை மாறினதுக்கு அப்புறம், 2024 மார்ச்ல டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு ராத்திரி பாடினாங்களே, அதுல வெளிநாட்டுக்காரங்க வந்து தங்கினது உண்மை. ஆனா விமான நிலையமும் ஹோட்டலும் எம்ஆர்டி ரயிலும் ஏற்கெனவே இருந்த ஊருல அது நடந்துச்சு. சின்ன நகராட்சி இதைப் பார்த்து ஆசைப்படக்கூடாது.

இப்ப கணக்குக்கு வருவோம். கட்டுற செலவை எல்லாரும் பேசுவாங்க, நடத்துற செலவு ஓரத்துல ஒளிஞ்சிருக்கும். ஒரு 50 மீட்டர் குளம் எடுத்துக்குங்க. 50 பெருக்கல் 25, ஆழம் 2 மீட்டர்னா 2,500 கன மீட்டர் தண்ணி, அதாவது 25 லட்சம் லிட்டர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தண்ணியும் வடிகட்டி வழியா சுத்தி வரணும்னா, மணிக்கு 625 கன மீட்டர் பம்ப் தள்ளணும். அதுக்குச் சுமாரா 45 கிலோவாட் மின்சாரம். நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடினா 394,000 யூனிட். யூனிட் 30 காசுன்னு வெச்சா 118,000 வெள்ளி, பம்புக்கு மட்டும். இங்க ஒரு வழி இருக்கு: வேகம் மாத்தக்கூடிய பம்ப் போட்டு, ராத்திரி வேகத்தை 80 விழுக்காடாக் குறைச்சா, மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாயிடும். விலைப்புள்ளியில இதைத்தான் முதல்ல வெட்டுவாங்க, விட்டுக்கொடுக்காதீங்க.

அடுத்து உயிர்காப்பாளர். காலை 7 மணிக்குத் திறந்து ராத்திரி ஒன்பதரைக்கு மூடினா, பராமரிப்பு நேரம் போக வாரத்துக்குச் சுமார் 95 மணி நேரம். ஒருத்தர் 44 மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு இடத்துல ஒருத்தரை நிக்க வைக்கவே ரெண்டு பேருக்கு மேல வேணும். விடுப்பு, மருத்துவ விடுப்பு சேர்த்தா மூணு. நாலு இடத்துக்குப் பன்னிரண்டு பேர். முதலாளி கட்டுற மத்திய சேம நிதியோட மாசம் 3,000 வெள்ளின்னு வெச்சா வருஷத்துக்கு 432,000. நுழைவுச்சீட்டு எவ்வளவு வரும்? நாளைக்கு 600 பேர், ஆளுக்கு ஒன்றரை வெள்ளி, 350 நாள்னா 315,000. உயிர்காப்பாளர் சம்பளத்துக்கே பத்தல. குளோரின், வடிகட்டியைத் திருப்பிக் கழுவுறப்ப வீணாகிற தண்ணி, துப்புரவு எதுவும் இன்னும் சேர்க்கல. இதெல்லாம் உதாரண எண்கள்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க. ஆனா விடை பெருசா மாறாது. நீச்சல் குளம் ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேணும்னா கட்டுங்க, அது நியாயம். வருமானம்னு சொல்லிக் கட்டாதீங்க.

செயற்கைப் புல் திடலுக்கும் இதே கதை. 105 பெருக்கல் 68 மீட்டர் ஆட்டப்பரப்பு, ஓரம் சேர்த்தா 8,000 சதுர மீட்டருக்குப் பக்கம். விரிப்பு எட்டுலேர்ந்து பத்து வருஷம் தாங்கும். அதனால முதல் வருஷத்துலேர்ந்தே மாத்துற செலவுல எட்டுல ஒரு பங்கைத் தனிக் கணக்குல போடணும். போடலைன்னா ஒன்பதாவது வருஷம் மூலையெல்லாம் கிழிஞ்சு, கணுக்கால் சுளுக்கு வந்து, போட்டி நடத்துறவங்க வேற ஊரைத் தேடிப் போயிடுவாங்க. இன்னொண்ணு, நம்ம மாதிரி வெயில் ஊருல உச்சி வேளையில ரப்பர் துகள் போட்ட தரை 60 டிகிரியைத் தாண்டும். பதினொண்ணுலேர்ந்து மூணு மணி வரைக்கும் பிள்ளைங்களை ஆட விட முடியாது. அதனால விளக்குக் கம்பம் அவசியம்.

சரி, போட்டி நடத்தினா எவ்வளவு வரும்? 32 குழு, குழுவுக்கு 15 பிள்ளைங்க, 480 பேர். ஒரு பிள்ளைக்கு ஒன்றரைப் பெரியவங்கன்னு வெச்சா 720. மொத்தம் 1,200. இதுல 60 விழுக்காடு தூரத்து ஊர்க்காரங்கன்னா 720 பேர் தங்கணும். அறைக்கு மூணு பேர், 240 அறை, ரெண்டு ராத்திரி. இப்ப உங்க ஊருல எத்தனை அறை இருக்கு, எண்ணிப் பாருங்க. 80 அறைதான்னா, மீதி 160 அறை பக்கத்து ஊருக்குப் போயிடும். கடன் உங்களுக்கு, லாபம் அவங்களுக்கு.

திடல் எத்தனை வேணும்? நாலு நாலு பேரா எட்டுப் பிரிவு. முதல் நாள் ஒவ்வொரு குழுவும் ரெண்டு ஆட்டம், ஆக 32 ஆட்டம். காலை 7 முதல் 11, சாயங்காலம் 3 முதல் 9, மணிக்கு ஒரு ஆட்டம்னா ஒரு திடல்ல பத்து. அப்ப நாலு திடல் பக்கத்துல பக்கத்துல வேணும், மின்னல் எச்சரிக்கை வந்தா நிறுத்துற நேரத்தையும் சேர்த்து. அழகான ஒரே ஒரு அரங்கமும், 5,000 நாற்காலியும் இருந்தா இந்தப் போட்டி உங்க ஊருக்கு வராது. பெரும்பாலான நகராட்சி செய்ற தப்பு இதுதான். நாற்காலிக்குச் செலவு பண்ணிட்டு, திடலுக்கு இடம் இல்லாம நிக்கிறது. நாற்காலிதானே திறப்பு விழாப் படத்துல நல்லா விழும்!

வளாகமே வேணாம்னு சில ஊர் முடிவு பண்ணும், அதுவும் நல்ல முடிவுதான். தென் கரோலினாவுல கிரீன்வில். ஊர் நடுவுல ஒரு அருவி, அதுக்கு மேல 1960ல கட்டின நாலு தடச் சாலைப் பாலம், அருவியே தெரியாது. பாலத்தை இடிச்சிட்டு, 2004ல பூங்காவும் ஒரு நடைபாலமும் திறந்தாங்க. பூங்காவுக்கு 13 மில்லியன் டாலர். நுழைவுச்சீட்டு இல்ல, உயிர்காப்பாளர் இல்ல, எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துற விரிப்பும் இல்ல. பக்கத்துல உணவகமும் ஹோட்டலும் வந்துச்சு. உங்க ஊர்ல தூர்வாராத குளக்கரையோ, யாரும் கண்டுக்காத ஆத்தோரமோ இருந்தா, அங்க நடைபாதை, நிழல் மரம், கழிப்பறை, ரெண்டு வரிசைக் கடைன்னு தொடங்கலாம். கழிப்பறையை மறந்தா குடும்பத்தோட யாரும் அரை மணி நேரத்துக்கு மேல இருக்கமாட்டாங்க.

இனி உங்க நகராட்சி. மூணு தாளைக் கேட்டு வாங்குங்க. முதல் தாள், பத்து வருஷ நடத்துற செலவு, வருஷவாரியா. கட்டடத்தோட இன்னிக்கு மதிப்புல வருஷத்துக்கு 2லேர்ந்து 4 விழுக்காடு பராமரிப்புக்கு ஒதுக்கியிருக்காங்களான்னு பாருங்க, பொதுக் கட்டடங்களுக்குப் பரவலா ஏத்துக்கிட்ட அளவு அது. ரெண்டாவது, வர்ற கூட்டம் செலவு பண்ற காசுல நகராட்சிக்கு எந்த வரி, எந்த வாடகை வழியா வருதுன்னு ஒரு பக்கம். சிங்கப்பூர்ல 2008ல இரவு கார்ப் பந்தயம் தொடங்கினப்போ, அந்த நாட்கள்ல அறை விலை ஏறும்னு தெரிஞ்சு ஹோட்டல்களுக்குன்னு தனி வரி போட்டாங்க. லாபம் யாருக்குப் போகுதோ அவங்ககிட்ட கொஞ்சம் வாங்கிக்கிற வழி அது. சின்ன ஊருல வளாகத்து வாசல் கடைகளை நகராட்சியே வெச்சுக்கிட்டு வாடகைக்கு விடலாம். மூணாவது, குத்தகைக்காரர் நடுவுல விலகினா அடுத்த நாள் கதவைத் திறக்கிறது யாரு, செலவு யாரோடதுன்னு எழுதின ஒப்பந்தப் பக்கம்.

கடைசியா, இடத்தைப் போய்ப் பாருங்க. கூட இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு, நல்ல மழை பெஞ்ச மறுநாள் போங்க. விளையாட்டு வளாகத்துக்கு ஒதுக்குற நிலம் பல சமயம் வேற எதுக்கும் உதவாத பள்ளமா இருக்கும். முட்டி வரைக்கும் தண்ணி நின்னா, அதை உயர்த்துற மண் செலவும், தண்ணி வெளியேறுற வாய்க்கால் செலவும் திட்ட மதிப்பீட்டுல எந்த வரியில எழுதியிருக்குன்னு கேளுங்க.