பைண்டரின் கத்திக்குத் தப்பிய பக்கங்கள்

[திரையில்: காலிகோ துணி முதுகு போட்ட தடித்த தொகுப்பு. ஒரு கை பக்கத்தைத் திருப்புகிறது.]

இது ஒரு தொடர்கதை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, அடுக்கித் தைத்து, பைண்டு போட்டிருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது பரணிலிருந்து இறங்கியது. தையல் இன்னும் விடவில்லை.

கதையை விடுங்கள். இந்தப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். ஜவுளிக் கடை விளம்பரம். கீழே "தெற்கு மாசி வீதி, மதுரை" என்று முகவரி முழுசாக இருக்கிறது. கடையின் பெயர் இருந்த மேல்வரி மட்டும் இல்லை. விளிம்பு சீராக வரவேண்டும் என்று பைண்டர் சீவித் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கேட்டது கதையைத்தான்.

கதை இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கடையின் பெயர். பழைய பத்திரிகை சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: அழகான தொகுப்பும் அட்டை நைந்த முழு இதழும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், முழு இதழை எடுங்கள்.

[திரையில்: அட்டையில்லாத மூன்று இதழ்கள், விலைவரி மட்டும் பெரிதாக.]

அட்டை இல்லாத இதழுக்கு எப்படி ஆண்டு கண்டுபிடிப்பது? முதலில் விலையைத் தேடுங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம் முதல் தேதிதான் தசம நாணயம் வந்தது. "ந.பை." என்றிருந்தால் நயா பைசா. 1964 நடுவில் "நயா" உதிர்ந்து வெறும் பைசா ஆனது. ஆக, அந்த இரண்டு எழுத்து இருந்தாலே ஏழு ஆண்டுக்குள் அடைத்துவிடலாம். விலைவரியே கிழிந்துபோயிருந்தால் உள்ளே சோப்பு, தைல விளம்பரங்களைப் பாருங்கள். அங்கேயும் விலை போட்டிருப்பார்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது, சந்தேகமே வேண்டாம். தமிழ் ஆண்டுப் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம். விகாரி என்றால் 1959 சித்திரையில் தொடங்கியது. 2019-இலும் விகாரி வந்ததே என்று கேட்பீர்கள். அந்த இதழில் நயா பைசா இருக்காது.

[திரையில்: பல இதழ்களின் அட்டைகள் வேகமாக நகர்கின்றன.]

எவற்றைச் சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடன், 1941-இல் கல்கி, 1947-இல் குமுதமும் அம்புலிமாமாவும், அடுத்த ஆண்டே அமுதசுரபி. சிற்றிதழ்ப் பக்கம் போனால், வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய எழுத்து. கையில் பணம் இருந்தாலும் அது சுலபத்தில் கண்ணில் படாது.

தீபாவளி மலர் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். விற்பவர்கள் அதற்குத்தான் விலை ஏற்றிச் சொல்வார்கள். ஆனால் மலரை அந்தக் காலத்திலேயே பீரோவில் வைத்துப் பாதுகாத்தார்கள். சாதாரண வார இதழில் மளிகைக் கடைக்காரர் கடுகும் மிளகும் மடித்துக் கொடுத்துவிட்டார். அரிதானது எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, பொன்னியின் செல்வன் தொகுப்பு. "முதன்முதலில் வந்தது சார்" என்று கொடுப்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் முதல் தடவை வந்தபோது படம் போட்டவர் மணியம். பிறகு அதே பத்திரிகை அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வெளியிட்டது. வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். அவர்களும் அருமையான ஓவியர்கள்தான். ஆனால் அந்த விலை கொடுக்காதீர்கள். படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருக்கும், பாருங்கள்.

விகடன் முழு இதழ் என்று வாங்கினாலும் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். சில்பி வரைந்த கோயில் சிற்பப் படங்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

[திரையில்: அதிகாலை, தரையில் விரித்த சாக்கின் மேல் புத்தகங்கள்.]

மதுரையில் எங்கே தேடுவது? புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன; பழைய நினைப்பில் புது மண்டபத்தில் போய் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்கு வெயில் ஏறுமுன் போங்கள். அதைவிடப் பலன் தருவது உங்கள் தெருவின் பழைய பேப்பர் கடை. எடைக்கு வாங்கி எடைக்கு விற்பவர் அவர். "அணா விலை போட்டது வந்தால் எடுத்து வையுங்கள் அண்ணாச்சி, இரட்டை விலை தருகிறேன்" என்று சொல்லி வைத்தேன். எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு மூட்டை வந்தது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். அங்கே விலை சுற்றுலாப் பயணிக்குச் சொல்கிற விலை.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகையோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை எதையும் எறியாமல் வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடலைத் தாண்டிப் போய்விடாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிற்கிறது.

[திரையில்: அட்டையின் மேல் பழுப்புப் பட்டை.]

இது என் கைங்கரியம். இருபது ஆண்டுக்கு முன் கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினேன். டேப் உதிர்ந்துவிட்டது, பசைக் கறை போகவில்லை. மெல்லிய காகிதமும் கஞ்சிப் பசையும் போதும். அந்தப் பசையும் பூச்சிக்குப் பிடிக்கும் என்பதால்தான் பழைய பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். நடுவில் இருக்கும் கம்பிப் பின் துருவேறித் தாளைத் தின்னும். மெதுவாக நிமிர்த்தி உருவிவிட்டு, அதே துளையில் பருத்தி நூல் கோத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயில் படாத அலமாரியில் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

[திரையில்: மீண்டும் அந்த ஜவுளி விளம்பரம்.]

இந்தப் பக்கத்துக் கதைப் பகுதியை வைத்து எந்த வாரத்து இதழ் என்று கண்டுபிடித்துவிட்டேன். இதழ்தான் இன்னும் கிடைக்கவில்லை. பேப்பர் கடை அண்ணாச்சியிடம் தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தராசுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்.