டாக்டர் ஹூவுக்கு ஹியூகோ வாங்கித் தந்தது தரமே!

(பட்டிமன்றத் தலைப்பு: மீண்டு வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ'வுக்கு, அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுகளை வாங்கித் தந்தது ரசிகர்களின் பாசமா, கதைகளின் தரமா? 'தரமே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு பழமொழியை வீசிவிட்டுப் போயிருக்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. டாக்டர் ஹூ ரசிகர்களெல்லாம் காக்கைகளாம், தொடர் அவர்களுடைய குஞ்சாம், அதனால்தான் 2006 முதல் 2012 வரை ஏழு ஆண்டில் ஆறு ஹியூகோவாம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால், அம்மா, காக்கைக்கு ஒரே ஒரு குஞ்சா? கூட்டில் மூன்று குஞ்சு கிடந்தால் மூன்றுமே பொன் குஞ்சுதானே? அப்புறம் எதை வைத்து அது ஒன்றைத் தூக்கி முதலிடத்தில் வைத்தது?

2006இல் நடந்தது இதுதான். தொலைக்காட்சி அத்தியாயம் போன்ற சிறு படைப்புகளுக்கான குறுவடிவ நாடகப் பிரிவின் இறுதிப் பட்டியலில் டாக்டர் ஹூவிலிருந்தே மூன்று: 'டாலெக்', 'ஃபாதர்ஸ் டே', அப்புறம் 'தி எம்ப்டி சைல்ட்', 'தி டாக்டர் டான்சஸ்' என்ற இரட்டை அத்தியாயம். பாசம்தான் ஓட்டுப் போட்டதென்றால் ஜெயிக்க வேண்டியது எது? 'டாலெக்'! 1963 டிசம்பரில் முதன்முதலாக வந்த பகைவன் பல ஆண்டு கழித்துத் திரும்புகிற கதை. சிறு வயதில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தவர்களுக்கு அதைவிடப் பழைய பாசம் ஏது? ஜெயித்தது அதுவல்ல. 1941இல் குண்டு விழுகிற லண்டன், முகத்தோடு ஒட்டிப்போன வாயு முகமூடி, "நீங்கள்தான் என் அம்மாவா?" என்று கேட்டுக்கொண்டே வரும் ஒரு குழந்தை. பழைய பகைவன் இல்லை, பழைய முகம் இல்லை. கடைசியில் பார்த்தால் வில்லனே இல்லை. காயத்தை ஆற்றுவதற்கென்று செய்யப்பட்ட நுண்கருவிகள், மனிதன் எப்படி இருப்பான் என்றே தெரியாமல், முகமூடியோடு இறந்துகிடந்த பிள்ளையை மாதிரியாக எடுத்துக்கொண்டு ஊரையே அந்த மாதிரிக்குத் திருத்தக் கிளம்பியதால் வந்த வினை. முடிச்சு எங்கே விழுந்ததோ அங்கேயே அவிழ்கிறது. தாய் பிள்ளையை அணைத்ததும் கருவிகளுக்குச் சரியான மாதிரி கிடைத்துவிடுகிறது. 90 நிமிடத்தில் இதைவிடக் கச்சிதமாகக் கதை கட்ட முடியுமா என்று எதிரணி சொல்லட்டும்.

தொடரைப் பார்க்காதவர்களும் அவையில் இருக்கிறீர்கள். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிற 'டாக்டர்' என்ற நாயகனின் கதை, அவராக நடிப்பவர் மட்டும் அவ்வப்போது மாறுவார். 1963 நவம்பர் 23இல் பிபிசியில் தொடங்கி 1989 டிசம்பரில் நின்றுபோன தொடர் இது. 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படமாகத் தலைகாட்டியது. பிறகு 2005 மார்ச் 26இல், ரஸ்ஸல் டி டேவிஸ் பொறுப்பில், பிபிசி வேல்ஸ் தயாரிப்பாகப் புதிதாகப் பிறந்தது. எதிரணித் தலைவர் "16 ஆண்டு ஏக்கம் ஐயா, ஏக்கம்!" என்று உருகினாரே, அந்த 1996ஐ மட்டும் ஏன் தாண்டிப் போனார்? அப்போதும் ஏக்கம் இருந்தது. பிரிட்டனில் சுமார் 90 லட்சம் பேர் படத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் தொடராக அது தழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஹியூகோ இறுதிப் பட்டியலில் 'பாபிலன் 5' இருந்தது, 'ஸ்டார் ட்ரெக்' இருந்தது, டாக்டர் ஹூ இல்லை. ஏக்கம் மட்டுமே கையில் இருந்தபோது கிடைத்த பரிசு அவ்வளவுதான்.

இப்போது ஓட்டு முறைக்கு வருகிறேன். வழக்கே இதில்தான் இருக்கிறது. எதிரணி இரண்டு கட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

ஹியூகோவுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் வேர்ல்ட்கான் என்கிற உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள். முதல் கட்டம் பரிந்துரை. ஒருவர் ஒரு பிரிவுக்கு ஐந்து பெயர் வரை எழுதலாம். வரிசை கிடையாது, எதற்கு எது மேல் என்ற கேள்வியே கிடையாது. ஐந்து இடத்திலும் ஒரே தொடரின் ஐந்து அத்தியாயங்களை எழுதினாலும் தடுப்பார் இல்லை. பாசம் கசிகிற ஓட்டை இதுதான், ஒப்புக்கொள்கிறேன். 2017 முதல் எண்ணும் முறையும் மாறியது. இறுதிப் பட்டியல் ஆறாகி, ஒரே தொடரிலிருந்து இரண்டுக்கு மேல் உள்ளே வர முடியாது என்றும் ஆனது. பரிந்துரையில் பாசம் இருக்கிறது என்று எதிரணி நிரூபித்திருக்கிறது. நல்லது. ஆனால் பரிந்துரைக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லையே!

கோப்பையைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டம். அங்கே 1, 2, 3 என்று வரிசை எண் போட வேண்டும். முதல் விருப்பங்களை எண்ணுவார்கள். மிச்சமிருக்கும் சீட்டுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது நடக்கும். நமக்குப் புதிதல்ல இது. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி.கிரி வென்றது இரண்டாம் விருப்பத்தையும் எண்ணிய பிறகுதான். இலங்கையில் 2024 அதிபர் தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "இரண்டாமவருக்கும் எண் போட்டால் நம்மவர் தோற்றுவிடுவார்" என்று பயந்து முதலிடத்தை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். தவறு. முதல் ஆள் களத்தில் இருக்கும்வரை உங்கள் இரண்டாம் எண்ணை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் நீங்கிய பிறகு எண் இல்லாவிட்டால், உங்கள் சீட்டு அங்கேயே எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும். கண்மூடித்தனமான பாசக்காரன் தன் சீட்டைத் தானே வீணாக்கிக்கொள்கிற முறை இது.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. பட்டியலிலேயே 'விருது இல்லை' என்று ஒரு வரி. அதற்கும் எண் போடலாம். வெற்றியாளரைக் கண்டுபிடித்த பிறகும் கடைசியாக ஒரு சோதனை: அவரை 'விருது இல்லை'க்கு மேலே வைத்தவர்கள் அதிகமா, கீழே வைத்தவர்கள் அதிகமா? கீழே வைத்தவர்கள் அதிகமென்றால் கோப்பை கிடையாது. வெறும் அலங்காரமில்லை இது. 2015இல் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை'யே ஜெயித்தது. இப்படிப்பட்ட கறார் கூட்டத்தைப் பார்த்துத்தான் சகோதரி காக்கைக் கூட்டம் என்கிறார்.

2008க்கு வாருங்கள். ஜெயித்தது 'பிளிங்க்'. பாசம் யார்மேல்? டாக்டர்மேல், அவராக நடித்த டேவிட் டெனன்ட்மேல். சரி, 'பிளிங்க்'கில் அவர் எவ்வளவு நேரம் வருகிறார்? சில நிமிடங்கள்! ஆண்டுக்கு 13 அத்தியாயம், கூடவே ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு. இத்தனையையும் ஒரே நாயகனை வைத்து எடுத்து முடிக்க நாள் போதாது. எனவே இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இரண்டு அத்தியாயம் எடுப்பார்கள், ஒன்றில் நாயகனுக்கு வேலை குறைவாக இருக்கும். அப்படி நெருக்கடியில் பிறந்தது இது. கதையைச் சுமப்பது சாலி ஸ்பாரோ என்ற, அதற்கு முன்னால் தொடரில் தலையே காட்டாத பெண். நடித்தவர் கேரி மல்லிகன்.

கதையின் வேலைப்பாட்டைப் பாருங்கள். கல் தேவதைச் சிலைகள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது, கண் சிமிட்டினால் பாயும். அத்தியாயம் முழுக்க ஒரு சிலைகூட நம் கண்ணெதிரே நகர்வதில்லை. சாயமும் ஒப்பனையும் பூசிய நடிகைகளை நிறுத்தி வைத்து, வெட்டுக்கு வெட்டு இடம் மாற்றியிருக்கிறார்கள். காமிராவும் பார்க்கிறது, நாமும் பார்க்கிறோம், அதனால் அது அசையவில்லை என்று பார்வையாளனையும் விதிக்குள் இழுத்துவிட்டார்கள். செலவு குறைவு, பயம் அதிகம். அப்புறம் அந்த உரையாடல்: 17 டிவிடிகளில் டாக்டர் பேசிய பாதிப் பேச்சு ஒளிந்திருக்கிறது. முதலில் கேட்கும்போது உளறல். பிறகு சாலி எதிரே உட்கார்ந்து பேசப் பேச, அவளுடைய பாதி அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1969இல் மாட்டிக்கொண்ட டாக்டருக்கு அவள் பேசப்போவது எப்படித் தெரியும்? இந்தப் பேச்சை இப்போது எழுதிவைத்த தாள்தான் பின்னால் அவர் கைக்குப் போகிறது. முடிவில் நான்கு சிலைகளும் ஒன்றையொன்று பார்த்து உறைந்துபோவதும் ஆரம்பத்தில் சொன்ன அதே விதியால்தான். நாயகன் இல்லாத வீட்டில் இத்தனை விளக்கு எரிகிறது, ஏற்றியது பாசமா?

2010 இன்னும் கொடுமை. எதிரணிக்கு, சொல்கிறேன். இறுதிப் பட்டியலில் மூன்று டாக்டர் ஹூ. ஒன்று கிறிஸ்துமஸ் கொண்டாட்டம், இன்னொன்று ஈஸ்டர் உல்லாசம். ஜெயித்தது மூன்றாவது, 'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்'. அதில் டாக்டர் காலத்தின் விதியை மீறி, சாகவேண்டியவர்களைக் காப்பாற்றிவிட்டு, இனி எல்லாம் என் இஷ்டம் என்று இறுமாந்து நிற்கிறார். அவர் காப்பாற்றிய அடிலெய்ட் புரூக், அந்த இறுமாப்பைப் பொறுக்காமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறாள். தான் கும்பிடுகிற நாயகனை இவ்வளவு கேவலமாகக் காட்டிய கதைக்கு எந்த ஊர் பக்தன் கோப்பை கொடுப்பான்?

"அப்படியானால் எழுத்தாளர்மேல் பாசம்" என்று ஒரு தம்பி மெதுவாகக் கட்சி மாறினார். ஸ்டீவன் மோஃபட் எழுதியதுதான் நான்கு முறை ஜெயித்தது, உண்மை. 2009இல் அவருடைய 'சைலன்ஸ் இன் தி லைப்ரரி' இணையத்துக்காக எடுத்த ஒரு இசை நாடகத்திடம் தோற்றது. 2013இல் பட்டியலில் மூன்று டாக்டர் ஹூ, மூன்றும் அவர் எழுதியவை, ஒன்றில் டாலெக்குகளும் உண்டு. மூன்றும் சேர்ந்து 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் அத்தியாயம் ஒன்றிடம் தோற்றன. தம்பி எந்த மோஃபட்டைச் சொல்கிறார்?

ஒரு இடத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். 2011. நான் எண் போடுவதென்றால் 'வின்சென்ட் அண்ட் தி டாக்டர்' தான் முதலிடம். தனியாக நிற்கிற கதை, முன்கதை தெரியாதவரையும் அழவைக்கும். ஜெயித்ததோ பருவத்தின் இறுதிக் கதை, 'தி பண்டோரிகா ஓப்பன்ஸ்', 'தி பிக் பேங்' இரட்டை. அதன் சுவையில் பாதி முந்தைய அத்தியாயங்களைப் பார்த்தவருக்குத்தான் கிடைக்கும். அங்கே கொஞ்சம் பாசம் எடை போட்டிருக்கிறது. ஆறில் ஒன்று. எடுத்துக்கொள்ளுங்கள்.

2013 முதல் 2025 வரை டாக்டர் ஹூ இந்தப் பிரிவில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆனால் இறுதிப் பட்டியலில்? பெரும்பாலான ஆண்டுகளில் இருக்கிறது! 2024இல் இரண்டு, 2025இல் இரண்டு. பரிந்துரைக்கும் பாசம் அப்படியே இருக்கிறது, கோப்பை மட்டும் வரவில்லை. "தரம் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்று எதிரணி சொல்ல வாயெடுத்தால், தயவுசெய்து எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள், எங்கள் அணியில் நாற்காலி இருக்கிறது. 2016இல் 'ஹெவன் சென்ட்' தோற்றது எனக்கு இன்னும் உடன்பாடில்லை. டாக்டராக நடித்த பீட்டர் கப்பால்டி ஏறக்குறைய தனி ஆளாகத் தாங்கிய அத்தியாயம் அது. ஆனால் காக்கைகள் ஓட்டுப் போட்டிருந்தால் அது தோற்றே இருக்காது.

மணி அடிக்கிறீர்கள், நடுவர் அவர்களே, ஒரே ஒரு ஆண்டு, முடித்துவிடுகிறேன். 2014. தொடருக்கு 50 வயது நிறைந்ததையொட்டி வந்த 'தி டே ஆஃப் தி டாக்டர்', 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பான கதை, பட்டியலில் இருக்கிறது. கூடவே இன்னொரு அத்தியாயம், தொடர் பிறந்த கதையைச் சொல்லும் நாடகம், பழைய டாக்டர்கள் சேர்ந்து அடித்த கேலிக்கூத்து. ஆறில் நான்கு டாக்டர் ஹூ உறவு. மாநாடு நடந்த ஊர் லண்டன்! ஓட்டுப் பிரிந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. நூறு பேரில் அறுபது பேர் பாசக்காரர்கள், தலைக்குப் பதினைந்தாக நான்கு பக்கம் பிரிந்தாலும், ஒன்று நீங்க நீங்க அந்தச் சீட்டு மிச்சமிருக்கும் டாக்டர் ஹூவுக்கே போய், கடைசிச் சுற்றில் அறுபதும் ஒன்றாகிவிடும், எதிரே நாற்பது. இந்த முறையின் சிறப்பே அதுதான். ஜெயித்தது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கல்யாண வீட்டுப் படுகொலை அத்தியாயம். அது அந்தத் தொடரின்மேல் பாசம் என்றால், 2015இல் அதுவும் தோற்றதே, 2017இல் இரண்டு அத்தியாயத்தோடு வந்தும் தோற்றதே?

அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் வேறெதையும் சொல்வதற்கு முன்னால், அந்த லண்டன் இரவில் நான்கு பொன் குஞ்சும் வெறுங்கையோடு திரும்பியது எப்படி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.