வெட்டுப்புள்ளி எங்கே விழ வேண்டும்?

(கொழும்பில் மருத்துவப் பரீட்சகர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

வெட்டுப்புள்ளி என்றால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான். மருத்துவபீடத்தில் இருப்பது இத்தனை இடம். இசட் புள்ளியை, அதாவது பாடங்களை ஒப்பிடுவதற்காகச் சமப்படுத்திய புள்ளியை, வரிசைப்படுத்தி, இடம் முடிகிற இடத்தில் கோடு கிழிக்கிறார்கள். இடம் குறைவு, ஆகவே அங்கே அது நியாயம்.

தொழில் அனுமதிப் பரீட்சைக்கு அந்தக் கணக்கு உதவாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர், இங்கே தொழில் செய்யப் பதிவு பெறுவதற்காக, இலங்கை மருத்துவச் சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சைக்கு அமர்கிறார். பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை வைத்து இவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா என்று தீர்மானிக்க முடியாது. எல்லாரும் தகுதி என்றால் எல்லாரும் சித்தியடையட்டும். ஒருவரும் இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம்.

அப்போ ஐம்பது என்று வைத்துவிடலாமே என்பீர்கள். ஐம்பதுக்குப் பின்னால் காரணம் எதுவும் இல்லை, வெறும் பழக்கம். இலகுவான தாளில் ஐம்பது எடுத்தவரும் கடினமான தாளில் ஐம்பது எடுத்தவரும் ஒரே தரம் அல்ல. தாளோடு புள்ளியும் அசைந்தால்தான் தரம் அசையாமல் நிற்கும்.

பல்தேர்வுத் தாளுக்கு உலகெங்கும் அதிகம் கையாளப்படுவது அங்கோஃப் முறை. அமெரிக்க அளவீட்டு ஆய்வாளர் வில்லியம் அங்கோஃப் கல்வி அளவீடு பற்றிய நூலொன்றுக்கு 1971இல் எழுதிய அத்தியாயத்தில், நாம் இன்று செய்கிற வடிவம் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு நடுவர்களைக் கூட்டுங்கள். பேராசிரியர்கள் மட்டும் போதாது. ஆதார வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களை நாளாந்தம் மேய்ப்பவர்களும் வேண்டும்.

வினாத்தாளைத் திறக்குமுன் ஒரு வேலை இருக்கிறது: எல்லைக்கோட்டுப் பரீட்சார்த்தி யார் என்று எழுதி வைப்பது. மட்டுமட்டாகச் சித்தியடையத் தகுந்தவர் அவர். அவர் கீட்டோஅசிடோசிஸை, அதாவது நீரிழிவில் இரத்தம் அமிலமாகும் ஆபத்து நிலையை, கண்டுபிடிப்பார், சேலைன் ஏற்றுவார். இன்சுலின் தொடங்குமுன் பொட்டாசியம் பார்ப்பாரா? பார்க்காதவரையும் தேறவிடலாமா? இந்த இடத்தில் குழு அரை மணி நேரம் சண்டை பிடித்தால் சந்தோஷப்படுங்கள். இதைத் தாண்டி ஓடிய குழுக்களில் ஒவ்வொரு நடுவரும் தன் மனதிலுள்ள வேறு வேறு ஆளுக்குப் புள்ளி போட்டிருப்பார். பிறகு எந்தச் சராசரியும் அதைச் சரிக்கட்டாது.

அடுத்தது வினாக்கள். டெங்கு நோயாளி, காய்ச்சல் இறங்கிவிட்டது, ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு) ஏறுகிறது, நாடி அழுத்தம் ஒடுங்குகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? எல்லைக்கோட்டில் நிற்கும் நூறு பேரில் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள்? ஒருவர் 90 என்கிறார், இன்னொருவர் 45. தொண்ணூறுக்காரரைக் கேட்டால், “டெங்கு தெரியாமல் இலங்கையில் எப்படி டொக்டர் ஆவது?” என்பார். அவர் சொல்வது தெரிந்திருக்க வேண்டியதை. நாம் கேட்பது அந்த ஆள் உண்மையில் என்ன எழுதுவார் என்பதை. இரண்டும் குழம்பினால் வெட்டுப்புள்ளி எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

நடுவர்கள் முதலில் விடை பார்க்காமல் தாங்களே வினாவைச் செய்ய வேண்டும். சரிவிடை கண்முன் இருந்தால் எந்த வினாவும் இலகுவாகத்தான் தெரியும். ஐந்து தெரிவுள்ள வினாவுக்கு 20க்குக் கீழே மதிப்பீடு பொதுவாகப் பொருந்தாது. கண்ணை மூடிக்கொண்டு கீறினாலே அவ்வளவு வரும். முதற்சுற்று எழுதி முடித்த பிறகே, எந்த வினாவுக்கு எத்தனை வீதமான பரீட்சார்த்திகள் சரியாக விடையளித்தார்கள் என்ற உண்மைத் தரவைக் காட்டுங்கள். முந்திக் காட்டினால் அதையே பார்த்து எழுதுவார்கள். இரண்டாம் சுற்றில் மாற்ற விரும்புபவர் மாற்றலாம். எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு 60, 60, 60 என்று வரிசையாக வரத் தொடங்கினால் நடுவர் களைத்துவிட்டார். தேநீருக்கு விடுங்கள்.

எல்லா மதிப்பீடுகளின் சராசரிதான் வெட்டுப்புள்ளி. அது 57.4 என்று வைப்போம். அளவீட்டு வழுவையும், அதாவது ஒரே ஆளின் புள்ளி தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதையும், பார்க்க வேண்டும். புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியமவிலகல் 8, தாளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் நம்பகக் குணகம் 0.84 என்றால், ஒன்றிலிருந்து 0.84ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, எட்டால் பெருக்க 3.2 வரும். நோயாளியின் பாதுகாப்பு முதல் என்றால் கூட்டி 60.6, சந்தேகத்தின் பலன் பரீட்சார்த்திக்கு என்றால் கழித்து 54.2. என் பக்கம் கூட்டுவதுதான். எதுவானாலும் பெறுபேறு கையில் வருமுன் தீர்மானித்திருக்க வேண்டும். பெயர்ப்பட்டியலைப் பார்த்த பின் எடுக்கிற தீர்மானத்துக்கு வேறு பெயர் இருக்கிறது.

நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் செயன்முறைப் பரீட்சையான ஓஸ்கியில் எல்லைக்கோட்டுப் பின்னோக்கு முறை (borderline regression) வசதியானது. தனியே நடுவர் குழு தேவையில்லை. பரீட்சகர் சரிபார்ப்புப் பட்டியலில் புள்ளி இடுகிறார். அதோடு மொத்தத்தில் ஆள் எப்படி என்று 1 முதல் 5 வரை ஒரு தரமும் கொடுக்கிறார், 2 என்பது எல்லைக்கோடு. புள்ளிகளைத் தரத்தின் மீது நேர்கோடாக வரைந்தால், வெட்டுத்துண்டு 4.2, சாய்வு 3.1 என்று வந்த நிலையத்தில், எல்லைக்கோட்டுத் தரமான 2ஐச் சாய்வால் பெருக்கி 4.2ஐக் கூட்ட, சித்திப் புள்ளி இருபதுக்கு 10.4. இது பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: பரீட்சகர் பட்டியலைக் கூட்டிப் பார்த்துவிட்டு அதற்கேற்பத் தரம் போடுவார். அப்போது கோடு அழகாக விழும், அர்த்தம் இருக்காது. மறுபக்கம், புள்ளிக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டால் பட்டியலைத் தூக்கிப் பாருங்கள். கை கழுவியதற்கும் பெயர் கேட்டதற்கும் புள்ளியை அள்ளிக் கொடுத்து, நோய்நிர்ணயத்துக்கு ஒன்றே ஒன்று வைத்திருப்பீர்கள்.

மொத்தப் புள்ளியோடு, குறைந்தது இத்தனை நிலையங்களிலாவது தேற வேண்டும் என்ற நிபந்தனையும் வையுங்கள். இல்லாவிட்டால் இனிமையாகப் பேசியே புள்ளி சேர்த்தவர் உயிர்ப்பித்தல் நிலையத்தில் தவறியும் தப்பிவிடுவார்.

மீள்பரீட்சைக்கு ஒரு எச்சரிக்கை. பதினைந்து இருபது பேர் மட்டும் அமரும்போது நேர்கோடு ஓரிருவரால் இழுபடும். அதனால் முன்பு பெரிய தொகுதிக்குப் பயன்படுத்திய நிலையங்களையே மீண்டும் எடுத்து, அன்று கணித்த சித்திப் புள்ளியையே வையுங்கள்.